பழைய ஷூட்டர்களுக்குப் புதுப் பொலிவு: மாட்கள் சாதித்ததும் சறுக்கியதும்

1996 ஜூன் மாதம் வெளிவந்த குவேக் விளையாட்டை இன்றும் ஆடுகிறார்கள். அன்று பெரும்பாலான கணினிகளில் அது 320-க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையில், மொத்தம் 256 நிறங்களில் ஓடியது. இன்று அதே கேம் 4கே திரையில், வண்ண ஒளியோடும் அசையும் நிழல்களோடும் ஓடுகிறது. இந்த மாற்றத்தில் பெரும்பங்கு, கூலி எதிர்பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் உழைத்த ரசிகர்களுடையது. நிரலைத் திருத்தினார்கள், படங்களை மறுபடி வரைந்தார்கள், விளக்குகளை ஒவ்வொன்றாக நட்டார்கள். ஆட்டக்காரர்கள் ஒரு கேமுக்குள் சேர்க்கும் இத்தகைய மாற்றங்களைத்தான் மாட் என்கிறோம்.

கணினி ஷூட்டர் கேம்களின் வரைகலையை மாட்களாலும் அமைப்பு மாற்றங்களாலும் எவ்வளவு தூரம் உயர்த்த முடியும்? எந்த மாற்றம் உண்மையில் மேம்பாடு, எது வெறும் மாற்றம்? இந்தக் கேள்விகளை மூன்று கேம்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஒன்று, ஐடி சாஃப்ட்வேரின் குவேக் (1996). இரண்டாவது, வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் 2 (2004). மூன்றாவது, உக்ரைனின் ஜிஎஸ்சி கேம் வேர்ல்ட் உருவாக்கிய ஸ்டாக்கர்: ஷேடோ ஆஃப் செர்னோபில் (2007). தேவைப்படும் இடங்களில் பிற கேம்களும் வரும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கேமின் காட்சியில் இன்று நமக்குக் குறையாகத் தெரிபவை இரண்டு வகை. சில, அன்றைய கருவிகளின் இயலாமையால் வந்தவை. சில, கலைஞர் தெரிந்தே எடுத்த முடிவுகள். முதல் வகையைத் திருத்திய மாட்கள் நிலைத்து நிற்கின்றன. இரண்டாம் வகையில் கைவைத்தவை பெரும்பாலும் கேமின் முகத்தையே மாற்றிவிட்டன.

ஒரு ஃபிரேம் உருவாகும் வழி

திரையில் நாம் பார்ப்பது வினாடிக்குப் பல முறை புதிதாக வரையப்படும் படம். வினாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லிவினாடிதான் கிடைக்கும். அதற்குள் நான்கு வேலைகள் முடிய வேண்டும். முக்கோணங்களால் ஆன உருவங்களை இடத்தில் வைப்பது முதல் வேலை. அவற்றின் மேல் டெக்ஸ்சர் எனப்படும் படங்களைப் போர்த்துவது இரண்டாவது. எந்தப் பரப்பில் எவ்வளவு ஒளி விழுகிறது என்று கணக்கிடுவது மூன்றாவது. முடிந்த படத்தில் நிறம், ஒளிர்வு, விளிம்பு ஆகியவற்றைச் சீராக்குவது நான்காவது.

மாட்களும் ஏறக்குறைய இந்த வரிசையை ஒட்டியே பிரிகின்றன. அமைப்புக் கோப்புகளைத் திருத்துவது, டெக்ஸ்சரையும் உருவங்களையும் மாற்றுவது, ஒளியை மாற்றுவது, இறுதிப் படத்தின் மேல் வடிகட்டிகளைப் போடுவது, கேமை இயக்கும் அடிப்படை நிரலான இன்ஜினையே புதுப்பிப்பது என ஐந்து வகை. எந்த வகையானாலும் செலவு அந்த 16.7 மில்லிவினாடியிலிருந்துதான் கழிகிறது.

செலவில்லாத முதல் படி

ஒரு மாட்கூட இறக்காமலே பழைய கேமின் தோற்றத்தைப் பெரிதும் உயர்த்தலாம். திரையின் இயல்பான ரெசல்யூஷனில் கேமை ஓட்டுவதும், அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்கை 16 மடங்குக்கு வைப்பதும் முதலில் செய்ய வேண்டியவை. சாய்ந்த கோணத்தில் தெரியும் தரையும் சாலையும் சில அடி தூரத்துக்கு அப்பால் குழம்பிப்போவதை இந்த ஃபில்டரிங் தடுக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இது வரைகலை கார்டுக்குப் பெரும் சுமை. இன்றைய கார்டுகளில் அந்தச் சுமை தெரிவதே இல்லை.

அடுத்தது பார்வைக் கோணம். பழைய ஷூட்டர்கள் 4:3 திரைக்காக அமைக்கப்பட்டவை. குவேக்கின் கிடைமட்டக் கோணம் 90 டிகிரி. அதே உயரக் காட்சியை இழக்காமல் 16:9 திரைக்குக் கொண்டுவர அதை ஏறக்குறைய 106 டிகிரியாக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் அகலத் திரையில் 90-ஐயே வைத்தால் மேலும் கீழும் காட்சி வெட்டுப்படும், துப்பாக்கி முகத்தருகே வந்துவிடும், சிலருக்குத் தலைசுற்றலும் வரும். ஹாஃப்-லைஃப் 2-இல் இதை அமைப்புப் பக்கத்திலேயே மாற்றலாம். ஸ்டாக்கரின் முதல் பாகத்தில் மெனுவில் அதற்கு இடமில்லை; ரசிகர்கள் கேமின் நிரல் கோப்பையே ஒட்டுப்போட்டுத்தான் கோணத்தை அகலமாக்கினார்கள்.

அமைப்புக் கோப்புகளின் வலிமையைக் காட்ட 2007 நவம்பரில் வந்த கிரைசிஸ் நல்ல சான்று. அதன் மிக உயர்ந்த வரைகலை நிலை, விண்டோஸ் விஸ்டாவும் டைரக்ட்எக்ஸ் 10-உம் உள்ளவர்களுக்கு மட்டுமே மெனுவில் திறந்தது. ஆனால் கோப்புகளில் சில எண்களை மாற்றினால் அதன் பெரும்பாலான விளைவுகள் விண்டோஸ் எக்ஸ்பியிலும் டைரக்ட்எக்ஸ் 9-இலும் ஓடுகின்றன என்று ஆட்டக்காரர்கள் விரைவிலேயே கண்டுபிடித்தார்கள். மெனு காட்டும் எல்லை வேறு, இன்ஜினின் உண்மையான எல்லை வேறு என்பது அதிலிருந்து தெளிவானது.

ஸ்டாக்கரில் இதைவிடப் பெரிய வேறுபாடு ஒரே ஒரு மெனு வரியில் இருக்கிறது. நிலையான ஒளி, பொருட்களுக்கு மட்டும் அசையும் ஒளி, முழு அசையும் ஒளி என மூன்று தேர்வுகள். முதலாவதில் அந்த கேம் தட்டையாக, பத்து ஆண்டு பழையதுபோலத் தெரியும். மூன்றாவதில் சூரியன் நகர நகர மரங்களின் நிழலும் நகரும். கேமைத் தொடங்கும் குறுக்குவழியில் ஒரு சொல் சேர்த்தால் நிழல் வரைபடத்தின் அளவையும் 4096 புள்ளிகள் வரை உயர்த்தலாம். நிழல் விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றம் பெருமளவு குறையும்.

குவேக்: மூலநிரல் தந்த இரண்டாம் வாழ்வு

அமைப்புக் கோப்புகளுக்கு எட்டாத இடங்கள் உண்டு. அங்கே இன்ஜினின் மூலநிரல் வேண்டும். இதில் ஐடி சாஃப்ட்வேர் காட்டிய வழி வரலாற்றில் தனியிடம் பெற்றது. டூம் கேமின் நிரலை 1997 டிசம்பரிலும் குவேக்கின் நிரலை 1999 டிசம்பரிலும் வெளியிட்டது. குவேக்கின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் வந்ததால் யாரும் எடுத்துத் திருத்தலாம். திருத்தியதை வெளியிடும்போது தம் நிரலையும் திறந்து வைக்க வேண்டும். டார்க்பிளேசஸ், குவேக்ஸ்பாஸம், விகேகுவேக் போன்ற புதுப்பித்த இன்ஜின்கள் அந்த விதையிலிருந்து வளர்ந்தவை.

ஆனால் குவேக்கின் கதையில் ஒரு திருப்பம் உண்டு. 1997-இல் 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டுகளுக்காக ஐடி நிறுவனமே ஜிஎல்குவேக் என்ற பதிப்பை வெளியிட்டது. படம் வழுவழுப்பானது, ரெசல்யூஷன் கூடியது, எல்லோரும் வியந்தார்கள். ஆனால் பழைய மென்பொருள் பதிப்பில் இருந்த சில அழகுகள் அதில் காணாமல் போயின. அசல் குவேக்கில் ஒளி ஒரு பரப்பை அதன் இயல்பு நிறத்தைவிடப் பளிச்சென்று காட்ட முடியும். ஜிஎல்குவேக்கில் அந்த மேல்வரம்பு வெட்டப்பட்டது, அறைகள் மங்கின. இருளிலும் தானாக ஒளிரும்படி ஒதுக்கப்பட்ட நிறங்களும் மற்ற நிறங்களைப்போலவே இருண்டன. கார்டு புதியது, ஆனால் காட்சி பல இடங்களில் பின்வாங்கியிருந்தது.

பின்னால் வந்த இன்ஜின்கள் இந்த இழப்புகளை ஒவ்வொன்றாக மீட்டன. அதன் பிறகே அசலில் இல்லாதவற்றைச் சேர்த்தன. பரப்புகளின் மேல் ஒளியைப் பதித்துவைக்கும் குவேக்கின் ஒளிப்படலங்கள் கறுப்பு வெள்ளையில் மட்டுமே இருந்தன. தனிக் கோப்புகள் மூலம் வண்ண ஒளி வந்தது. அரக்கர்களின் அசைவு வினாடிக்கு 10 நிலைகளில் துள்ளித் துள்ளி இருந்தது. இடைநிலைகளைக் கணக்கிட்டு அதைச் சீராக்கினார்கள். தண்ணீர் ஒளிபுகாத தகடாக இருந்தது; ஒளிபுகும் நீரை வரைய இன்ஜின் தயாராக இருந்தும், எங்கிருந்து எது தெரியும் என்று முன்பே கணக்கிட்டு வைத்த வரைபடத் தரவு தண்ணீரைச் சுவராகவே கருதியது. ஆகவே வரைபடங்களின் பார்வைக் கணக்கை மறுபடி போட வேண்டியிருந்தது. பார்ப்பவருக்குச் சிறியதாகத் தெரியும் ஒரு மாற்றத்துக்குப் பின்னால் எத்தனை அடுக்கு வேலை இருக்கிறது என்பதற்கு இந்தத் தண்ணீரே சாட்சி.

2021 ஆகஸ்டில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் கைவண்ணத்தில் வந்த அதிகாரப்பூர்வ மறுவெளியீட்டில் வண்ண ஒளியும் மேம்பட்ட உருவங்களும் இடம்பெற்றன. ரசிகர்கள் இருபது ஆண்டுகள் முன்பே தேடிப் போன திசை அது.

டெக்ஸ்சர் மாட்கள்: கூர்மையும் கனமும்

புதிதாக வருபவர் முதலில் தேடுவது டெக்ஸ்சர் தொகுப்பைத்தான். முதலில் ஏமாற்றுவதும் அதுதான். கணக்கைப் பாருங்கள். பக்கத்துக்கு 1024 புள்ளிகள் உள்ள ஒரு படம், சுருக்காமல் வைத்தால் கார்டின் நினைவகத்தில் 4 மெகாபைட் பிடிக்கும். 2048 ஆனால் 16, 4096 ஆனால் 64. பக்கம் இரட்டிக்கும்போது நினைவகம் நான்கு மடங்காகிறது. தூரத்துக்கேற்ற சிறு பிரதிகளையும் சேர்த்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூடும். வழக்கமான சுருக்க முறைகள் இதைக் கால் பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ குறைக்கின்றன. ஆனாலும் நூற்றுக்கணக்கான படங்கள் சேரும்போது சுமை பெரிதுதான்.

பழைய கேம்களில் இன்னொரு தடை உண்டு. அவை 32 பிட் நிரல்கள். வழக்கமாக 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் அவற்றால் தொட முடியாது. 64 பிட் விண்டோஸில் ஒரு சிறு ஒட்டு மூலம் அதை 4 ஜிபி ஆக்கலாம். கணினியில் 32 ஜிபி இருந்தாலும் மாட் நிறைந்த பழைய கேம் சரிந்து விழுவதற்கு இந்த எல்லைதான் அடிக்கடி காரணம். இதை அறியாதவர் கார்டையும் மாடையும் மாறி மாறிக் குறைசொல்லிக்கொண்டிருப்பார்.

நினைவகத்தைவிட முக்கியமான சிக்கல் ஒருமை. ஒரு சுவரை 4096-இல் புகைப்படம்போல ஆக்கிவிட்டு, அதன் முன் சில நூறு முக்கோணங்களால் ஆன மனிதனை நிறுத்தினால் கண் உடனே பொருந்தாமையைக் கண்டுவிடும். அசலில் சுவரும் மனிதனும் ஒரே அளவு எளிமையாக இருந்ததால் கண் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. குவேக் ரீடெக்ஸ்சரிங் பிராஜெக்ட் பல ஆண்டுகள் எடுத்து ஒவ்வொரு படத்தையும் அசலின் வடிவத்தை ஒட்டி மறுபடி வரைந்ததற்குக் காரணம் இந்த ஒருமைதான். அப்படியிருந்தும் குவேக்கை அதன் பழைய சதுரப் புள்ளிகளோடு, மென்மையாக்கும் ஃபில்டரை அணைத்துவிட்டு ஆடுபவர்கள் ஏராளம். சின்னஞ்சிறு படத்தில் ஒவ்வொரு புள்ளியையும் ஓவியர் கையால் வைத்திருக்கிறார். அதைக் குழைத்துவிட்டால் அவர் வரைந்தது கலைந்துபோகிறது என்பது அவர்கள் வாதம். அது வலுவான வாதம் என்றே நினைக்கிறேன்.

2018-க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு இந்தத் துறைக்குள் வந்தது. அந்த ஆண்டு வெளியான ஈஎஸ்ஆர்கான் போன்ற முறைகளால் ஆயிரக்கணக்கான படங்களை ஒரே இரவில் நான்கு மடங்கு பெரிதாக்க முடிந்தது. டூமின் படங்களுக்கும் இப்படி ஒரு தொகுப்பு வந்தது. கைவேலை கலந்து செய்த தொகுப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் இயந்திரம் இல்லாத விவரத்தை ஊகித்தே சேர்க்கிறது. எழுத்துகளிலும் முகங்களிலும் அந்த ஊகம் தவறினால் அப்பட்டமாகத் தெரியும். 2021 நவம்பரில் வெளிவந்த ஜிடிஏ டிரிலஜியின் அதிகாரப்பூர்வப் புதுப்பதிப்பில் கடைப் பலகைகளின் எழுத்துகள் பிழையாக வந்து, பிற குறைகளோடு சேர்ந்து நிறுவனம் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது. மனிதக் கண் சரிபார்க்காத மேம்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஷூட்டர் மாடர்களும் அதில் கண்டார்கள்.

ஒளியில்தான் பாதி வெற்றி

மூன்று கேம்களையும் ஆராய்ந்தபின் எனக்கு உறுதியான ஒன்று: ஒரு ஷூட்டரின் தோற்றத்தைத் தீர்மானிப்பதில் டெக்ஸ்சரைவிட ஒளிக்குப் பங்கு அதிகம்.

ஹாஃப்-லைஃப் 2 இதற்குச் சிறந்த பாடம். அதன் ஒளி முன்கூட்டியே கணக்கிடப்பட்டது. சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளி உட்பட எல்லாவற்றையும் வரைபடம் தயாராகும்போதே கணக்கிட்டு, பரப்புகளின் மேல் படலமாக ஒட்டிவிடுவார்கள். 2004-இல் அந்தக் கணக்கு சாதாரணத் திரை ஒளி அளவுக்குள் அடங்கியிருந்தது. கூடுதல் ஒளி வீச்சைக் கையாளும் எச்டிஆர் முறையை வால்வ் 2005 அக்டோபரில் லாஸ்ட் கோஸ்ட் என்ற சிறு காட்சியில் செய்து காட்டியது. ஹாஃப்-லைஃப் 2-இன் வரைபடங்கள் அப்போது பழையபடியே நின்றன.

இந்த இடைவெளியை இரண்டு மாட்கள் இரண்டு விதமாக நிரப்பின. சினிமாடிக் மாட் என்ற பெரிய தொகுப்பு டெக்ஸ்சர், உருவம், ஒளி, இசை என எல்லாவற்றையும் மாற்றியது. அதன் உழைப்பு மலைக்க வைப்பது. ஆனால் கதையின் முக்கியப் பாத்திரமான அலிக்ஸின் முகத்தையும் தோற்றத்தையுமே மாற்றியது ரசிகர்களிடையே கடும் எதிர்ப்பைப் பெற்றது. அந்தப் பாத்திரத்தின் எளிய உடையும் களைத்த முகமும் ஒடுக்கப்பட்ட நகரத்தில் வாழும் ஒரு பெண்ணின் கதையைச் சொல்பவை. பளபளப்பு அதை அழித்தது. 2015 மார்ச்சில் வால்வின் ஸ்டீம் தளத்தில் இலவசமாக வந்த ஹாஃப்-லைஃப் 2: அப்டேட் வேறு வழியில் போனது. உருவங்களையும் கலைப் போக்கையும் தொடவில்லை. வரைபடங்களின் ஒளியை எச்டிஆரில் மறுபடி கணக்கிட்டது, மூடுபனியைச் சீராக்கியது, பழைய பிழைகளை நீக்கியது. வால்வின் கலைஞர்களுக்கு இன்னும் சில ஆண்டு அவகாசமும் புதிய கருவியும் கிடைத்திருந்தால் செய்திருக்கக்கூடிய வேலை அது. மேம்பாடு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த மிகத் துல்லியமான எடுத்துக்காட்டும் அதுவே.

ஸ்டாக்கரின் ஒளி முற்றிலும் வேறு அடிப்படையில் அமைந்தது. அதன் எக்ஸ்-ரே இன்ஜின், டிஃபர்டு ஷேடிங் என்ற முறையை ஷூட்டர் கேம்களில் மிகத் தொடக்கத்திலேயே கையாண்டது. இன்ஜினை எழுதிய ஓலெஸ் ஷிஷ்கோவ்ட்சோவ் 2005-இல் ஜிபியு ஜெம்ஸ் 2 நூலில் இதைத் தனிக் கட்டுரையாக விளக்கினார். பரப்புகளின் இடம், திசை, நிறம் ஆகியவற்றை முதலில் தனித்தனிப் படங்களாக எழுதிவிட்டு, ஒளிக் கணக்கை அதன் பிறகு திரைப் புள்ளிகளுக்கு மட்டும் போடுவது இந்த முறை. அதனால் பல விளக்குகளைக் குறைந்த செலவில் வைக்கலாம். விலையும் உண்டு: அன்றைய டைரக்ட்எக்ஸ் 9-இல் இந்த முறையோடு வழக்கமான விளிம்புச் சீராக்கம் வேலை செய்யாது. அதனால்தான் அந்த கேமில் மெனு மூலம் விளிம்புகளை எவ்வளவு சீராக்கினாலும் கம்பிகளும் வேலிகளும் மினுங்குகின்றன. கார்டின் குறை என்று நினைத்துப் பலர் நேரம் செலவழிக்கும் இந்தச் சிக்கலுக்கு நல்ல வழி, கேமை உயர்ந்த ரெசல்யூஷனில் வரைந்து திரைக்குச் சுருக்குவதுதான்.

ஸ்டாக்கரின் வானிலை, எளிய எழுத்துக் கோப்புகளில் மணிவாரியாக எழுதப்பட்டிருக்கிறது. சூரியனின் நிறம், வானத்தின் நிறம், மூடுபனியின் தூரம், மழையின் அடர்த்தி எல்லாம் எண்களே. வானிலை மாட்கள் இந்த எண்களை மறுபடி எழுதின. விடியலில் மூடுபனி மெல்லக் கலைவதும், புயலுக்கு முன் வெளிச்சம் மாறுவதும் அந்நிலத்தின் தன்மையை ஆழமாக்கின. ஃபோட்டோரியலிஸ்டிக் ஸோன் போன்ற டெக்ஸ்சர் மாட்களையும் ஷேடர் எனப்படும் புதிய வரைகலை நிரல்களையும் ஒன்றுசேர்த்த கம்ப்ளீட் 2009 தொகுப்பு பல புதியவர்களை அந்த கேமுக்குள் கொண்டுவந்தது. ஆனால் அது வரைகலையோடு நிற்காமல் ஆட்டத்தின் சமநிலையிலும் கைவைத்தது என்ற விமர்சனம் நியாயமானது. 1986 செர்னோபில் அணுவுலை விபத்துக்குப் பின் கைவிடப்பட்ட நிலத்தைக் காட்டும் கேம் அது. ஜிஎஸ்சி குழுவினர் அந்தப் பகுதிக்கே சென்று படமெடுத்து வந்து உருவாக்கினார்கள். அதன் சாம்பல் வானமும் வெளிறிய புல்லும் கருத்தோடு தேர்ந்த நிறங்கள்; திருத்த வேண்டிய குறைகள் அல்ல.

இறுதிப் படத்தின் மேல் வடிகட்டி

கேமின் கோப்புகளைத் தொடாமல், வரைந்து முடிந்த படத்தின் மேல் வேலை செய்யும் கருவிகள் தனி வகை. போரிஸ் வோரொன்ட்சோவின் ஈஎன்பி, பிறகு ஸ்வீட்எஃப்எக்ஸ், இன்று எல்லோரும் பயன்படுத்தும் ரீஷேட் ஆகியவை இதில் சேரும். கூர்மை, நிற அளவு, விளிம்புச் சீராக்கம் ஆகியவற்றைப் பல கேம்களில் சேர்க்க முடிவது இவற்றின் பலம். திரைப் புள்ளி ஒவ்வொன்றின் தூரத்தையும் படித்து, மூலைகளில் மெல்லிய நிழல் சேர்க்கவும் இவற்றால் முடியும்.

பலவீனமும் அங்கேதான். திரையில் தெரியாத எதையும் இவற்றால் அறிய முடியாது. ஒரு தூண் பார்வையிலிருந்து விலகினால் அது தந்த நிழலும் மறைந்துவிடும். ஆட்டக்குறிகள், எழுத்துகள் மேலும் விளைவு படிந்துவிடக்கூடும். எல்லாவற்றையும்விட, பயன்படுத்துபவரின் ஆசைதான் பெரிய ஆபத்து. முதல் நாள் பிரமிக்க வைக்கும் அடர்ந்த நிறமும் கூர்மையும் சில மணி நேரத்தில் கண்ணைக் களைப்பாக்கும். நல்ல அமைப்பு எது என்று அறிய எளிய சோதனை உண்டு: ஆடிக்கொண்டிருக்கும்போது அது இருப்பதே தெரியக்கூடாது, அணைத்தால்தான் இழப்புத் தெரிய வேண்டும்.

ரே டிரேசிங்: புதிய எல்லை

ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் எங்கே பட்டுத் தெறிக்கிறது என்று நேரடியாகக் கணக்கிடும் முறை பழைய கேம்களுக்குள்தான் முதலில் முழுமையாக வந்தது. உருவங்கள் எளிமையானவை என்பதால் கார்டால் அந்தக் கணக்கைத் தாங்க முடிந்தது. குவேக் 2-இன் திறந்த நிரலை எடுத்து, கிறிஸ்டோஃப் ஷீட் என்ற ஆய்வாளர் 2019 ஜனவரியில் காட்சி முழுவதையும் கதிர்க் கணக்கால் வரையும் பதிப்பை வெளியிட்டார். அதை அடிப்படையாக வைத்து என்விடியா அதே ஆண்டு ஜூனில் குவேக் 2 ஆர்டிஎக்ஸை வெளியிட்டு, அதன் நிரலையும் திறந்து வைத்தது. 2022 டிசம்பரில் போர்ட்டல் கேமின் ரே டிரேசிங் பதிப்பு வந்தது. அதை உருவாக்கிய ஆர்டிஎக்ஸ் ரீமிக்ஸ் என்ற கருவி மூலநிரல் இல்லாமலே, டைரக்ட்எக்ஸ் 8, 9 காலத்துப் பழைய கேம்களின் காட்சியைப் பிடித்து மறுபடி ஒளியூட்ட மாடர்களுக்கு வழிசெய்தது. ஹாஃப்-லைஃப் 2-க்காக ஆர்பிஃபோல்டு ஸ்டுடியோஸ் குழுவினர் இதே கருவியில் உழைக்கிறார்கள். 2025 மார்ச்சில் அந்த கேமின் ரேவன்ஹோம், நோவா பிராஸ்பெக்ட் பகுதிகளைக் காட்டும் இலவச முன்னோட்டம் வந்தது.

ஆனால் சரியான ஒளி என்பது எப்போதும் நல்ல ஒளி ஆகிவிடாது. பழைய வரைபடங்களில் விளக்கே இல்லாத மூலையிலும் கலைஞர் ஒளியை வைத்திருப்பார், ஆட்டக்காரர் கதவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக. இயற்பியல்படி கணக்கிட்டால் அந்த மூலை இருண்டுபோகும். அதனால் ரே டிரேசிங் மாட் செய்பவர் ஒவ்வொரு அறைக்கும் மறுபடி விளக்கு வைக்க வேண்டியிருக்கிறது. கருவி எவ்வளவு வளர்ந்தாலும் ஒளியமைப்பாளரின் கண் தேவைப்படுகிறது.

தெளிவும் எதிர்வாதமும்

போட்டியாக ஆடுபவர்கள் நேர் எதிர்த்திசையில் போனார்கள் என்பதையும் இந்த ஆய்வு கணக்கில் எடுக்க வேண்டும். 1999-இன் குவேக் 3-இல் தேர்ந்த ஆட்டக்காரர்கள் டெக்ஸ்சரின் விவரத்தை வேண்டுமென்றே மிகவும் குறைத்து, சுவர்களைத் தட்டையான நிறத் திட்டுகளாக்கிவிட்டு ஆடினார்கள். எதிரியின் அசைவு அப்போதுதான் உடனே கண்ணில் பட்டது. அவர்களுக்கு மேம்பாடு என்றால் தெளிவும் வேகமும். இணையப் போட்டிகளில் டெக்ஸ்சரையோ உருவத்தையோ மாற்றுவது நியாயமற்ற வசதி தரும் என்பதால், வால்வின் சோர்ஸ் இன்ஜின் சர்வர்கள் ஆட்டக்காரரின் கோப்புகளைச் சரிபார்க்க முடியும். ரீஷேட்டும் இணையத் தொடர்பு நடக்கும்போது தூரத் தகவலைத் தன் வழக்கமான பதிப்பில் மறைத்துவிடுகிறது. வரைகலை மாட்கள் தனியாக ஆடும் கேம்களுக்கே உரியவை என்ற எல்லையை மதிப்பது நல்லது.

இயலாமைக்கும் தேர்வுக்கும் இடையிலான கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை என்பதும் உண்மை. 2004-இன் டூம் 3-இல் டார்ச் பிடித்தால் துப்பாக்கி பிடிக்க முடியாது. அச்சத்தைக் கூட்டும் அந்த வடிவமைப்பை, துப்பாக்கியில் டார்ச்சை ஒட்டும் ஒரு மாட் வெளியீட்டுக்குப் பின் விரைவிலேயே மாற்றியது. 2012-இல் வந்த பிஎஃப்ஜி பதிப்பில் ஐடி நிறுவனமே கவசத்தில் டார்ச்சைப் பொருத்திவிட்டது. கலைஞரே தன் முடிவை மாற்றிக்கொள்வதும் உண்டு. ஆனாலும் அசலை ஒரு முறை அதன் இருளோடு ஆடிப் பார்த்தவர்தான் எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவர்.

தீர்ப்பும் வேண்டுகோளும்

இந்த ஆய்விலிருந்து கிடைக்கும் நடைமுறை வரிசை இது. முதலில் அசலை அப்படியே சிறிது நேரம் ஆடுங்கள். பிறகு ரெசல்யூஷன், பார்வைக் கோணம், ஃபில்டரிங், சீரான ஃபிரேம் வேகம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். அடுத்து, புதுப்பித்த இன்ஜினோ சமூகம் தந்த ஒட்டோ இருந்தால் அதைப் போடுங்கள். அதன் பின் ஒளி, வானிலை. டெக்ஸ்சர் அதற்கும் பின்னால். வடிகட்டி கடைசியில், குறைந்த அளவில். ஒவ்வொரு படிக்கு முன்பும் கேமின் கோப்புறையைப் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாட் மட்டும் சேர்த்து, ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். பல மாட்களை ஒன்றாகக் கொட்டிவிட்டால் எது அழகு சேர்த்தது, எது கேமைச் சரித்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. விலையுயர்ந்த கார்டு இல்லாத சாதாரண மடிக்கணினியிலும் இந்த வரிசையின் முதல் பாதி முழுவதும் இயலும்.

நிறுவனங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐடி சாஃப்ட்வேர் நிரலை மட்டுமே திறந்தது. படங்களும் ஒலிகளும் அதன் உரிமையாகவே இருந்தன, கேமை இன்றும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். திறந்ததால் அதன் விற்பனைக்கு உரிய எதையும் அது விட்டுக்கொடுக்கவில்லை. வால்வும் தன் ஹாஃப்-லைஃபை ரசிகர்கள் மறுபடி கட்டிய பிளாக் மீசாவை விற்க அனுமதித்தது. 2012-இல் இலவச மாடாக வந்த அது 2020 மார்ச்சில் முழுமையான கேமாக வெளிவந்தது. இரண்டு வழிகளும் கேம்களை வாழவைத்தன. வருமானம் ஓய்ந்துபோன பழைய கேம்களின் மூலநிரலையும் வரைபடக் கருவிகளையும் எல்லா நிறுவனங்களும் வெளியிட வேண்டும். பூட்டி வைத்த நிரல் ஒரு நாள் புதிய இயங்குதளத்தில் ஓடாமல் நின்றுவிடும். திறந்து வைத்த நிரலை யாரோ ஒருவர் திருத்தி, அடுத்த தலைமுறைக்கும் ஆடக் கொடுப்பார்.